பதினோரு விடைத்தாள்கள்

எங்கள் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அந்த ஒன்றையும் எதிரணிக்காரர்தான் போட்டுக் கொடுத்தார். எழுபத்தோராவது நிமிடத்தில் எங்கள் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் காலை வீசினார். பந்து எதிரணித் தடுப்பாட்டக்காரரின் முழங்காலில் பட்டது. கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தார், பந்து மறுபக்கமாகச் சாவகாசமாக உருண்டுபோய் வலையில் உட்கார்ந்துகொண்டது. ஒலிபெருக்கியில் சேம்சைடு கோல் என்று அறிவித்தார்கள். யார் போட்டால் என்ன? நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு கத்தினோம்.

வில்லங்கம் ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது.

தோற்ற நாளில் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடுவதைப் போலச் சுகமான வேலை கிடையாது. எல்லாருக்கும் நான்கு, நடுவருக்கு இரண்டு என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஜெயித்த நாளில்தான் கை நடுங்கும். மூன்று புள்ளிகள் வந்துவிட்டன, கொண்டுவந்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வோம். அன்றைக்கு இன்னும் மோசம், கோல் போட்டவரே எங்கள் அணியில் இல்லை.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் கலையும் வரை கேலரியின் மேல்வரிசையிலேயே உட்கார்ந்திருப்போம். என் கையில் ஒரு நீளமான நோட்டு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு எத்தனை என்று பேசி முடிவு செய்ய வேண்டும், ஐந்து பேரும் ஒரே எண்ணுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு எண் சொல்லிச் சராசரி எடுத்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "சராசரி என்பது தீர்ப்புச் சொல்லப் பயந்தவர்கள் கண்டுபிடித்தது" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சராசரி சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்னொரு விதியும் அவர் போட்டதுதான்: மதிப்பெண்ணை எண்ணாலும் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும். "எண்ணை மட்டும் எழுதி வைத்தால் பிற்பாடு யாராவது வால் வைப்பார்கள்" என்பார். எந்தப் பையன் எந்தக் காலத்தில் வால் வைத்தானோ, தெரியவில்லை.

வாத்தியாரிடம் ஆறு வாங்குவதே பிரம்மப் பிரயத்தனம். இத்தாலியப் பத்திரிகைகளில் ஆறு என்றால் பாஸ், அந்த நாட்டுப் பள்ளிக்கூடக் கணக்கே அதுதான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, பத்துக்குப் பத்து போடுவதில் மகா கஞ்சமான லெக்கிப் என்கிற பிரெஞ்சுப் பத்திரிகையைப் பற்றியும் தெரிந்துகொண்டுவிட்டார். 2013இல் ரியல் மாட்ரிட் அணிக்கு எதிராக லெவண்டோவ்ஸ்கி ஒற்றை ஆளாக நான்கு கோல் போட்டபோது அந்தப் பத்திரிகை மனமிரங்கிப் பத்து கொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் ஆட்டக்காரர்களை எல்லாம் வாத்தியார் அந்த நான்கு கோலால்தான் அளக்கிறார். பாவம், எங்கள் ஆட்களுக்கு நான்கு கோல் போட நான்கு மாதம் வேண்டும்.

இவருக்கு நேர் எதிர் எங்கள் வள்ளல். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே அதுதான். ஜெயித்துவிட்டால் பதினோரு பேருக்கும் ஒன்பது, பந்து பொறுக்கிப் போடும் பையன்களுக்கு எட்டு. அடுத்தவர் கீப்பர் அண்ணன். கல்லூரி அணியில் கோல்கீப்பராக நின்றவர், ஆகவே மைதானத்தில் அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஓர் ஆள்தான். நான்காவது, வாத்தியாரின் தங்கை மகன். தலை எப்போதும் கைப்பேசியில் குனிந்திருக்கும். கோல் விழுந்த நேரத்திலும் அவன் குனிந்துதான் இருந்தான். ஐந்தாவது நான், நடுநிலையானவன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் விடைத்தாள் கோல்கீப்பருடையது.

"ஒன்பது போடு" என்றார் கீப்பர் அண்ணன். "ஏழு மீட்டர் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரம். அத்தனை பெரிய வாசலைத் தொண்ணூறு நிமிடம் தனியாகக் காத்திருக்கிறான். ஒரு கோல் விடவில்லை."

"எத்தனை பந்து வந்தது?" என்றார் வாத்தியார்.

"மூன்று."

"இரண்டு. மூன்றாவது கம்பத்தில் பட்டுத் திரும்பியது."

"அப்படியானால் கம்பத்துக்கும் ஓர் ஏழு போடலாமே, சார்" என்றார் வள்ளல். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கீப்பர் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. உலகம் கோல்கீப்பர்களுக்கு இழைத்த அநீதி முழுவதையும் எடுத்து வைத்தார். 1963இல் சோவியத் கோல்கீப்பர் யாஷினுக்கு, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது கொடுத்தார்கள், அதோடு சரி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, இத்தனை வருடத்தில் ஒரே ஒரு கோல்கீப்பர். அவர் பேசிய உருக்கத்தில் யாஷினுக்கே இன்னொரு முறை கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கடைசியில் ஆறு என்று முடிந்தது. 6 (ஆறு) என்று எழுதினேன். கம்பத்துக்கு 7 (ஏழு). வள்ளல் விடவில்லை.

அடுத்து வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், இரண்டாம் எண். இங்கே நான் பேச வேண்டியிருந்தது. முதல் பாதியில் அவரை எதிரணியின் சிறகு ஆட்டக்காரர் துணி உலர்த்துகிற மாதிரி உதறி எடுத்தார். ஒருமுறை பந்தைத் துரத்திக்கொண்டு போய்க் கொடிக்கம்பைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எங்களுக்கே பரிதாபமாக இருந்தது. இரண்டாம் பாதியிலோ ஒரு பந்தும் அந்தப் பக்கம் தாண்டவில்லை. மேலே ஏறி இரண்டு கிராஸ் கூடப் போட்டார்.

"எட்டு கொடுக்க வேண்டும்" என்றேன். "தவறு செய்யாதவனைவிடத் திருத்திக்கொண்டவன் பெரியவன். இடைவேளையில் பயிற்சியாளர் காதில் ஏதோ ஓதியிருக்கிறார். மனிதர் வேறு ஆளாகவே திரும்பி வந்தார்."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேறு ஆள்தான் வந்தார்" என்றார் கீப்பர் அண்ணன்.

இடைவேளையில் நான் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டு, இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் வந்து உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டாம் எண்ணை உட்கார வைத்துவிட்டு இருபத்திரண்டாம் எண்ணை இறக்கியிருக்கிறார்கள். அதே உயரம், அதே தலைமுடி. மேல்வரிசையிலிருந்து பார்த்த எனக்கு முதுகில் ஓர் இரண்டு தெரிந்தது, பக்கத்தில் இன்னோர் இரண்டு இருந்தது தெரியவில்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரு மனிதரின் மனவுறுதியை வியந்து பாராட்டியிருக்கிறேன். அவரோ அந்த நேரத்தில் குளித்துத் தலை துவட்டியிருப்பார்.

"முன்பெல்லாம் இரண்டோ மூன்றோ பேரைத்தான் மாற்றுவார்கள், நினைவில் நிற்கும். இப்போது ஐந்து பேரை மாற்றுகிறார்கள்" என்று சமாளித்துப் பார்த்தேன். 2020இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 2022இல் அதையே நிரந்தர விதியாக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் அன்று மாற்றியது மொத்தமே இரண்டு பேர், இரண்டாமவர் எண்பத்தெட்டாவது நிமிடத்தில் வந்தவர். "கால் மணி நேரம் ஆடாதவனுக்கு மதிப்பெண் கிடையாது, ஆளையே அடையாளம் தெரியாதவனுக்குப் பேச்சு கிடையாது" என்று வாத்தியார் இரண்டையும் சேர்த்துத் தீர்த்துவிட்டார். இரண்டாம் எண்ணுக்கு நான்கு, இருபத்திரண்டுக்கு ஏழு. அதற்குமேல் அன்று என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. எழுதுகிற வேலை மட்டும் என்னிடம் இருந்தது.

நடுக்களத்து எட்டாம் எண்ணுக்கு மருமகன் வக்காலத்து வாங்கினான். கொடுத்த பாஸ்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சரியாகப் போயிருக்கின்றன என்று கைப்பேசியை நீட்டினான்.

"யாருக்குப் போயின?" என்றார் வாத்தியார். "பாதி பக்கத்தில் நின்றவனுக்கு, மீதி பின்னால் நின்றவனுக்கு. தெரிந்த ஒரு மதிப்பெண் கேள்விகளை மட்டும் எழுதிவிட்டுப் பெரிய கேள்விகளைத் தொடாமல் வந்த பையன் அவன். ஐந்து."

"அப்படிப் பார்த்தால் நம் அணியே பெரிய கேள்வியைத் தொடவில்லை, மாமா" என்று அவன் வேறொரு கணக்கை எடுத்தான். ஒவ்வொரு வாய்ப்பும் கோலாக எத்தனை சாத்தியம் என்று போடுகிற எதிர்பார்ப்புக் கணக்கு. ஒரு பெனால்டிக்கே முக்காலும் கொஞ்சமும்தான் கொடுப்பார்கள். நாங்கள் ஆட்டம் முழுவதும் உண்டாக்கிய வாய்ப்புகளைக் கூட்டினால் அந்த ஒரு பெனால்டிக்கு ஈடாகவில்லை.

"எதிர்பார்க்காமலே ஜெயித்திருக்கிறோம் என்று சொல். அது இன்னும் பெருமைதானே?" என்றார் வள்ளல். இதற்குப் பதில் சொல்ல அவன் கைப்பேசியில் எதுவும் இல்லை.

கடைசியில் ஒன்பதாம் எண். ஆறு முறை ஆஃப்சைடு. மீதி நேரத்தில் பெரும்பகுதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாரோ வரச் சொல்லிவிட்டு வராமல் போன ஆளைப் போல நின்றார். அந்த முழங்கால் விவகாரத்தைத் தவிர வேறு எதிலும் அவர் பெயர் வரவில்லை.

"அவன் அடித்ததால்தானே முழங்காலில் பட்டது?" என்றான் மருமகன்.

"வெளியே போகிற பந்தை அந்த நல்ல மனிதன் திருப்பிவிட்டான்" என்றார் வாத்தியார். "ஒரு ஆட்டக்காரன் காலில் பந்து இருப்பது மொத்தமே இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரம் அவன் என்ன செய்கிறான் என்பதற்குத்தான் மதிப்பெண். இவன் நின்றான். நிற்பதற்கு மூன்று போதும்."

மருமகன் மனம் தளரவில்லை. ஜெர்மனியில் கிக்கர் என்ற பத்திரிகை தலைகீழாகப் போடுகிறது, அங்கே ஒன்றுதான் உச்சம், ஆறு என்றால் படுமோசம், ஆகவே மூன்று என்பது அங்கே கௌரவமான மதிப்பெண் என்றான். எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. கீப்பர் அண்ணன் மட்டும் நோட்டை வாங்கித் தன் ஆள் பக்கத்தைப் பார்த்தார். 6 (ஆறு). ஜெர்மன் கணக்கை உடனே கைவிடச் சொல்லிவிட்டார். கம்பத்துக்கு அங்கே மதிப்பெண்ணே இல்லை என்பதில் வள்ளலுக்கும் வருத்தம்.

எழுந்திருக்கும் நேரத்தில் வள்ளல் ஒரு கேள்வி போட்டார். "நமக்கு எத்தனை?"

நியாயமான கேள்விதான். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது சொந்த மைதானத்தின் அனுகூலம் குறைந்துபோனது, விருந்தாளி அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது என்று மருமகனும் சாட்சி சொன்னான். நாங்கள் கத்துவதற்கு ஏதோ பலன் இருக்கிறது என்றுதானே பொருள்? வள்ளல் பத்து கேட்டார். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "நான்காவது நிமிடத்தில் நம் ஒன்பதாம் எண்ணைப் பார்த்து 'இவனை வெளியே எடு' என்று கத்தியது யார்?" நான் நோட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எங்களுக்கு ஐந்து கிடைத்தது.

எல்லாம் முடிந்தது என்று தூங்கப் போனேன். மறுநாள் காலையிலேயே மருமகனிடமிருந்து அழைப்பு.

"அண்ணா, கோலை மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தின் அதிகாரபூர்வ அறிக்கையில் ஒன்பதாம் எண் பெயர் போட்டிருக்கிறார்கள்."

அடித்த பந்து கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், வழியில் யார் மேல் பட்டாலும் பொதுவாக அடித்தவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வெளியே போகிற பந்தை உள்ளே திருப்பினால்தான் சேம்சைடு. இந்த மாதிரி வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்டத்தில் யார் உட்கார்ந்து வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களோ, பந்து கம்பத்துக்கு உள்ளேதான் போயிருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆக, அன்றைய ஒரே கோலைப் போட்டு அணியை ஜெயிக்க வைத்தவருக்கு நாங்கள் கொடுத்திருப்பது பத்துக்கு மூன்று. கம்பத்தைவிட நான்கு குறைவு.

வாத்தியாரைத் தொலைபேசியில் பிடித்தேன். மறுமதிப்பீடு வேண்டும் என்றேன். "மறுகூட்டல் வேண்டுமானால் செய்துகொள், மறுமதிப்பீடு கிடையாது" என்றார். "நேற்று அவன் ஆடிய ஆட்டம் இன்று காலை நன்றாக ஆகிவிடுமா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் மருமகனே வீட்டுக்கு வந்துவிட்டான். மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்த 3ஐப் பார்த்தோம். என் கையெழுத்தில் 3 நல்ல குண்டாக, இடப்பக்கம் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டையும் மூடிவிட்டால் அழகான 8. அவன் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டான்.

அப்போதுதான் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், வாத்தியார் சொல்லச் சொல்ல நானே என் கையால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: (மூன்று மட்டும்).