நோர்ட்லிங்கன் மதிலில் ஒரு சுற்று
ஜெர்மனியில் பவேரியாவின் நோர்ட்லிங்கனில் மதில் நடைபாதை சுமார் 2.7 கி.மீ., முழு வட்டம், மேலே கூரை, மழையிலும் நடக்கலாம். ஐந்து வாயில்களில் எதிலும் ஏறலாம். நிதானமாக ஒரு மணி நேரம். ஊர்த் தேவாலயத்தின் டேனியல் கோபுரத்துக்கு 350 படி, முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும். அந்தத் தேவாலயம் கட்டிய கல் சூவைட். விண்கல் மோதலில் உருவான பாறை, நுண்வைரங்கள் உண்டு. ஆனால் மழையும் பனியும் எளிதில் அரிக்கும், பராமரிப்பு ஓயாது.

சுற்றுப்புறம் ஓட்டிங்கன் பிரபுக்களுடையது. ஊரோ 1803 வரை பிரபுக்களுக்குக் கட்டுப்படாமல் புனித ரோமப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நகரம், அதனால்தான் இருவருக்கும் மோதல். 1440இல் பிரபு காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து வாயிலைத் திறந்து வைக்கச் செய்தாராம்; கதவில் உரசிய பன்றி அது திறந்திருப்பதைக் காட்டிக்கொடுத்ததாம். பன்றிக் கதை சுவையானது, நம்புவது உங்கள் பாடு. இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை அரைமணிக்கொரு முறை டேனியல் கோபுரக் காவலர் இன்றும் குரல் கொடுக்கிறார்.