பாபாவின் இருட்டு – நாலாவது வாரம்

கொர்னேலியு பாபா தன்னையே வரைந்துகொண்ட படங்களில் ஒன்றைப் பார்த்து ஆயில் பெயிண்டில் வரைய உட்கார்ந்து நாலு வாரம் ஆகிறது. பாபா என்றதும் சாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். 1906இல் கிரயோவாவில் பிறந்த ருமேனிய ஓவியர். நான் எடுத்துக்கொண்ட படத்தில் நெற்றியும் ஒரு கன்னமும்தான் வெளிச்சத்தில், மற்றதெல்லாம் இருட்டு. நாலைந்து ட்யூப் போதும், செலவு குறைவு என்று கணக்குப் போட்டேன். மாட்டிக்கொண்டது அதில்தான்.

முதல் ஞாயிறு நன்றாகவே போனது. பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்புப் பெயிண்டை டர்பென்டைனில் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, வெளிச்சம் விழும் இடங்களைப் பழைய பனியன் துணியால் துடைத்தெடுத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு முகம் வந்துவிட்டது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வாரம் சொதப்பல். பின்னணி கறுப்புதானே என்று ஐவரி பிளாக்கை ட்யூபிலிருந்து நேராக அப்பினேன். முகம் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது. பாபாவின் படத்தைச் செல்லில் பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்த இருட்டில் பழுப்பு இருக்கிறது, மங்கிய சிவப்பு இருக்கிறது, வெறும் கறுப்பு எங்கேயும் இல்லை. போதாததற்கு ஐவரி பிளாக் காய நாளாகும். அதன்மேல் சீக்கிரம் காயும் அம்பரைப் போட்டால் பின்னால் வெடிப்பு விழும். பேலட் கத்தியால் மொத்தத்தையும் சுரண்டினேன்.

காயக் காத்திருந்த நாட்களில் பாபாவைப் பற்றிப் படித்தேன். அப்பாவும் ஓவியர்; முதல் பாடம் வீட்டில். பிறகு ருமேனியாவின் யாஷ் நகரில் நிக்கொலாயே டோனிட்சா என்ற ஓவியரிடம். 1948இல் 'சதுரங்க ஆட்டக்காரர்' வரைகிறார். சோஷலிச யதார்த்தவாதம், அதாவது உழைப்பாளிகளைப் போற்றும் படங்களைத்தான் வரைய வேண்டும் என்று கம்யூனிஸ்ட் அரசு சொன்ன காலம். 'வடிவவாதி', அதாவது கருத்தை விட்டுவிட்டு வடிவத்தையே பார்ப்பவர் என்று இவர்மேல் முத்திரை குத்தினார்கள். 1949இல் கொஞ்ச நாள் சிறையிலும் இருந்தார். ஊரே டிராக்டரையும் சிரிக்கும் தொழிலாளியையும் கேட்டபோது இந்த மனிதர் ரெம்ப்ராண்ட், கோயா என்ற பழைய ஓவியர்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வாரம் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து இருட்டை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். காய்ந்த பிறகு பார்த்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக மங்கல், சாம்பல் பூசிய மாதிரி. அடிப்பூச்சு எண்ணெயைக் குடித்துவிட்டது. லின்சீட் ஆயிலில் (ஆளி விதை எண்ணெய்) கொஞ்சம் டர்பென்டைன் விட்டு, விரலில் துணி சுற்றி மெல்லத் தேய்த்து, உடனே துடைத்தேன். செத்துப்போன பழுப்பு அப்படியே எழுந்து வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா இது, உடம்பு சரியில்லாதவரா?" என்றாள்.

இந்த வாரம் நெற்றி. வெள்ளையும் யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளும் கெட்டியாக எடுத்து, கத்தியின் ஓரத்தால் ஒரே இழுப்பு. மூன்று தடவை வழித்தெடுத்து, நாலாவதை விட்டுவைத்தேன். இருட்டுப் பக்கத்துக் கண்ணில் இமை, கருவிழி எல்லாம் வரைந்து வைத்திருந்தேன். பாபா அங்கே ஒரு நிழலோடு விட்டிருக்கிறார். நேற்று ராத்திரி துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டேன். இன்னும் ஈரம்தான். பீரோ மேலே சாய்த்து வைத்திருக்கிறேன், பத்து நாளைக்குத் தொடப்போவதில்லை.