18,984 டொலரும் காலாவதியான ஒரு பெயரும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் மணவறை, மேடை அலங்காரம் செய்கிறேன். 2023 கோடையில் ஒரு விருந்து மண்டபம் மூன்று திருமண வரவேற்புகளுக்கு என்னை அழைத்தது. மணமக்கள் வீட்டார் மண்டபத்துக்கே மொத்தமாகப் பணம் கட்டிவிடுவார்கள், என் பங்கை மண்டபம் எனக்குத் தரும் என்பது ஏற்பாடு. மூன்றுக்கும் சேர்த்து 16,800 டொலர். 13 சதவீத விற்பனை வரியுடன் 18,984. அதன் கடைசித் தவணை சென்ற கிழமைதான் என் கணக்கில் சேர்ந்தது. முழுத் தொகையும் வரவில்லை. இனி யாரும் நான் விழுந்த குழிகளில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, "எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே, ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான். அது தவறு. ஒருவர் முன்மொழிந்து, மற்றவர் ஏற்று, பதிலுக்கு ஏதோ ஒன்று கைமாறுவதாக இருந்தால் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. கடினமானது அதை நிரூபிப்பதுதான். என்னைக் காப்பாற்றியது வட்ஸ்அப். பூவின் நிறம், தூண்களின் எண்ணிக்கை, விலை, "சரி தங்கச்சி, செய்யுங்கள்" என்ற பதில், எல்லாம் திகதியோடு இருந்தன. மூன்றாவது நிகழ்வில் கூடுதலாகக் கேட்ட மின்விளக்குத் திரைக்கு மட்டும் தொலைபேசியில் சம்மதம் வாங்கியிருந்தேன். பின்னர் விட்டுக்கொடுக்க வேண்டிவந்த முதல் தொகை அதுதான். ஒரு வரிச் செய்தி அனுப்பியிருந்தால் போதும்.

பணம் வராத அந்த மாதங்களில் நெஞ்சை அறுத்த இன்னொன்று வரி. இன்வொய்ஸ் கொடுத்தாயிற்று என்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காலத்துக்கான விற்பனை வரியைக் கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும். வாராக்கடன் என்று எழுதித் தள்ளினால் பிறகு மீட்கலாம். ஆனால் கட்டும் நாளில் அது என் சேமிப்பிலிருந்துதான் போனது.

பதினான்கு மாதங்கள் தொலைபேசியிலேயே கழிந்தன. "காசு எங்கே போய்விடப் போகிறது" என்பார் உரிமையாளர். பணம் எங்கும் போகாமல் இருக்கலாம், காலம் போய்விடும். ஒன்ராறியோவில் இப்படிப்பட்ட கோரிக்கைக்கு, உரிமை மீறப்பட்டதை அறிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டே ஆண்டுகள். அதைத் தெரிந்துகொண்ட இரவில் நான் தூங்கவில்லை.

சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்துக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அப்போது அங்கே 35,000 டொலர் வரை கோரலாம்; 2025 அக்டோபரிலிருந்து 50,000. பிரதிவாதியின் பெயர் என்ற இடத்தில் மண்டபத்தின் பெயர்ப்பலகையில் உள்ளதை எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு பரலீகலிடம் காட்டினேன். வழக்கறிஞர் அல்லாதவர்கள், ஆனால் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்று இந்த நீதிமன்றத்தில் வாதாடக்கூடியவர்கள். அவர் அந்தப் பெயரின் மீது விரலை வைத்து, "இது யார் அக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாகாணத்தின் வணிகப் பதிவேட்டில் தேடியபோது, அழகான அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு கம்பனி. கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் கடன் அதற்கு, உரிமையாளரின் வீடும் காரும் அவருக்கு. அவர் மீதே வழக்குப் போட வேண்டும் என்று கொதித்துக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் கை தளர்ந்துவிட்டது. ஆனால் பரலீகல் இன்னொன்றும் சொன்னார். வேறு பெயரில் வணிகம் நடத்தும் கம்பனி, தன் ஒப்பந்தங்களிலும் இன்வொய்ஸ்களிலும் கம்பனியின் பெயரையும் காட்ட வேண்டும். எனக்கு வந்த எந்தச் செய்தியிலும் அப்படி ஒரு கம்பனி இருப்பதாகவே இல்லை. கம்பனிக்காகப் பேசுகிறேன் என்று சொல்லாமல் ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அவரே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக நேரிடலாம். ஆகவே கம்பனி, உரிமையாளர் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தோம். பின்னால் பணம் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

வழக்குப் பதிவு இணையத்தில் ஒரே மாலையில் முடிந்தது. அதைப் பிரதிவாதிகளிடம் சேர்ப்பிப்பதில்தான் சறுக்கினேன். செலவை மிச்சப்படுத்த நானே மண்டபத்துக்குப் போய், மேசை விரித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சேர்ப்பித்துவிட்டேன் என்று நீதிமன்றத்தில் சத்தியக் கடதாசியும் கொடுத்தேன். இருபது நாட்களில் எதிர்வாதம் வராததால், அவர்கள் தவறிவிட்டதாகப் பதியும்படி கேட்கப் போனேன். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். அலுவலர் கடதாசியைப் பார்த்து ஒரே வார்த்தையில் மறுத்தார். ஏன் என்று கேட்டால், "சட்ட ஆலோசனை தர எங்களுக்கு அனுமதி இல்லை." அது அவர்கள் விதி, சரி. ஆனால் கடதாசியை வாங்கிய அன்றே யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கம்பனிக்குச் சேர்ப்பிப்பதென்றால் அதிகாரி, இயக்குநர், முகவர் அல்லது அந்த இடத்தைப் பொறுப்பேற்று நடத்துபவராகத் தோன்றும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். மேசை விரிப்பவர் அதில் இல்லை. இரண்டாம் முறை ஆள் வைத்துக் கொடுத்தேன். அந்தச் செலவை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எதிர்வாதம் வந்தது. வேனில் உட்கார்ந்து அதைப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. வேலை சரியில்லை என்று ஒரு வரி. மற்றதெல்லாம் என் கடைப்பெயரைப் பற்றி. 2018 மார்ச்சில் பதிந்த பெயர். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். 2023 மார்ச்சிலேயே காலாவதியாகிவிட்டது. மூன்று திருமணங்களும் அதற்குப் பிறகு. வணிகப் பெயர்கள் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, பதியாத பெயரில் வணிகம் செய்பவர் அந்த வணிகம் தொடர்பாக நீதிமன்றத்தின் அனுமதியின்றி வழக்கு நடத்த முடியாது. பதிவில் இருந்தது என் பழைய வீட்டு முகவரி. யாரும் எனக்கு நினைவூட்டவில்லை. பூக்களைக் கட்டிய கை என்னுடையது, கடன் வைத்தவர்கள் அவர்கள், வாசலில் தடுக்கப்படுவது நான் என்று அழுகையே வந்தது.

பரலீகல் அதே பிரிவின் அடுத்த வரிகளைக் காட்டினார். தவறுதலாகத்தான் பதியாமல் விட்டது, பொதுமக்கள் ஏமாற்றப்பட்டதற்குச் சான்று இல்லை, விண்ணப்பிக்கும்போது பதிவு ஒழுங்காக இருக்கிறது என்ற மூன்றையும் காட்டினால் நீதிமன்றம் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். பதியாததால் மட்டும் எந்த ஒப்பந்தமும் செல்லாததாகிவிடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அன்றிரவே 60 டொலர் கட்டிப் பெயரைப் புதிதாகப் பதிந்தேன். அனுமதி கிடைத்தது. நான்கு மாதம் போயிற்று. உங்கள் சொந்தப் பெயரல்லாத எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் இன்றே பதிவுத் திகதியை எடுத்துப் பாருங்கள்.

வட்டியிலும் அடி விழுந்தது. என் இன்வொய்ஸின் அடியில் "தாமதத்துக்கு மாதம் 2 சதவீதம்" என்று அச்சடித்திருந்தேன். ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதாமல் மாத வீதம் மட்டும் போட்டால், கூட்டாட்சியின் வட்டிச் சட்டப்படி ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. அதுவும், வேலை முடிந்த பிறகு கொடுத்த தாளில் முதன்முறையாக எழுதிய நிபந்தனையை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

விசாரணைக்கு முன் இரு தரப்பும் சமரசம் பேசும் இணக்கக் கூட்டம் 2025 கோடையில். கம்பனியிடம் பணம் இல்லை என்றார் உரிமையாளர். துணை நீதிபதி வட்ஸ்அப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதில் கம்பனியின் பெயர் எங்கே இருக்கிறது?" என்று அவரிடம் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. 15,500 டொலர், மூன்று தவணை. கம்பனி சார்பாக ஒரு கையெழுத்து, தனக்காக ஒரு கையெழுத்து, இரண்டும் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். போட்டார். இரண்டாம் தவணை ஆறு நாள் தாமதமானபோது, தீர்ப்புக் கேட்டு விண்ணப்பிப்பேன் என்று ஒரு வரி அனுப்பினேன். அன்று மாலையே வந்துவிட்டது.

சென்ற கிழமை வேறொரு மண்டபம் அழைத்தது. விலை பேசுவதற்கு முன் அவர்களுடைய கம்பனியின் பதிவுப் பெயரைக் கேட்டேன். பதில் வர இரண்டு நாளாயிற்று. பூவின் நிறத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.