பச்சை பூத்த எர்த்

கேம்பரை (படுக்கை, சமையலோடு கூடிய பயண வண்டி) மட்டமாக நிறுத்தும் நான்கு மின் ஜாக்குகளில் மூன்று ஏறியது. பின்பக்க இடது ஜாக் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கேம்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, எதிரே யானைமலை.

மோட்டார் போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

ஒத்தக்கடை எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். "தம்பி, கழட்டாதீங்க. எர்த்தை, அதான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வயரை, பாப்போம்."

பேட்டரியில் 12.6 வோல்ட். பட்டனை அழுத்தியபடி மோட்டார் முனைகளில் மீட்டரை வைத்தார். 8!

எர்த் வயரின் நுனியில் போல்ட்டில் மாட்டும் வளையம், லக், முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார், போல்ட்டை இறுக்கினார், மேலே வாசலின் தடவினார்.

ஜாக் சீராக ஏறியது.

சும்மா இருக்கும்போது அதே வயர் 12 காட்டியிருக்கும். பாரம் இழுக்கும்போதுதான் அதன் நோவு தெரிகிறது. அப்பாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்திருக்கும்போது "ஒண்ணுமில்லப்பா" என்பார்.

இன்று மாலை அவரோடு படியேறிப் பார்க்க வேண்டும்.