பிரதர், கொஞ்சம் பிடிங்க

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வார்டுகளில் நர்சிங் படிக்கும் பையன்களைத் தேடி முதலில் வருவது தூக்குகிற வேலைதான். அடுத்தது ஆண்களுக்கு கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது, பிறகு ரகளை செய்பவரைப் பிடித்துக்கொள்வது. இதோடு நின்றுவிட்டால் நாலு வருஷம் படித்தும் பராமரிப்பு கைக்கு வராது. உடம்பு துடைக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

வயதான அம்மா என்றால் தண்ணீர் எடுக்குமுன் பேசுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று பக்கத்தில் நிற்கும் மகனிடம் சொல்லாதீர்கள், அவரிடமே கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரரானால் மலையாளத்தில் கேளுங்கள். "மோனே" (மகனே) என்று பதில் வந்தால் பாதிக் கூச்சம் போயிற்று. சிஸ்டர் ஒருவரோ மகளோ திரைக்குள் இருக்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நச்சரித்து வாங்குவது சம்மதம் ஆகாது.

தண்ணீர் 43 முதல் 46 டிகிரி செல்சியஸ். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடைக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு முனை. கையை மணிக்கட்டிலிருந்து அக்குள் நோக்கி. பிறப்புறுப்புக்கு முன் தண்ணீரை மாற்றி, முன்னிருந்து பின்னாக. அந்தப் பகுதியை அவரே துடைக்க முடிந்தால் துணியைக் கையில் கொடுத்துவிடலாம், சிஸ்டரிடமும் விடலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

பையன்கள் சறுக்குவது வேறு இடத்தில். கூச்சத்தில் போர்வைக்குள் கையை விட்டு, பார்க்காமலே துடைத்து முடிப்பார்கள். மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரம் தங்கிப் புண்ணாகும். முதுகின் அடி எலும்பு மேல் சிவப்பு இருந்தாலும் கண்ணில் படாது. அங்கே விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அழுத்தப்புண் (படுக்கைப்புண்) தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் இது தெரியாமல் போகலாம், சூடும் இறுக்கமும் பார்க்க வேண்டும். துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, நன்றாகப் பார்த்து, உடனே மூடுங்கள். மரியாதை அதில்தான் இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்வதில் இல்லை.

தூக்கும்போதும் பலத்தைக் காட்ட வேண்டாம். பக்கவாதக்காரரை அக்குளில் பிடித்து இழுத்தால் செயலிழந்த தோள் மூட்டு நழுவும். அடியில் விரிப்பைப் போட்டு, இரண்டு பேர், கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி நகர்த்துங்கள்.

பிரசவ அறையில் பையன்களை வாசலோடு நிறுத்துவது இன்னும் உண்டு. முதல் நாளே இன்சார்ஜ் சிஸ்டரிடம் பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடத் தாள்) எழுதுகிற பொறுப்பைக் கேளுங்கள். தாயின் சம்மதத்தோடு அரை மணிக்கொருமுறை குழந்தையின் இதயத்துடிப்பு, வயிற்றில் கை வைத்து 10 நிமிடத்துக்கு எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று குறிக்க ஆரம்பித்தால், உள்ளே நிற்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.