தரைக்குள் இருக்கும் ஒயின்

தரையில் இருந்த மூடியைத் திறந்ததும் எல்லோரும் குனிந்து எட்டிப் பார்த்தோம். கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய பானை. ஜார்ஜியா நாட்டில் இதை க்வெவ்ரி என்கிறார்கள்.

ககேத்தி பகுதியில் வெள்ளைத் திராட்சையையும் தோல், விதை, காம்போடு இதற்குள் போட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஒயினுக்குக் கட்டஞ்சாயா நிறம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு.

2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. சரி, அது இருக்கட்டும். வால்நட் அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிய அந்தக் கத்தரிக்காய் இருக்கிறதே!

ஒயின் ஊற்றுகிறவர், அடுப்புச் சுவரில் ரொட்டி ஒட்டுகிறவர் எல்லாம் ஒரே வீட்டார். பெரிய ஒயின் ஆலை என்றால் வழிகாட்டி பேசுவார், நாம் தலையாட்டுவோம். இங்கே பானையை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டதற்கு, செர்ரி மரப்பட்டையில் செய்த நீளமான தூரிகையை எடுத்து வந்து கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.