கஞ்சி கெட்டியா, தண்ணியா?

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான், தண்ணிகூடக் கூடாது." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் கைக்குழந்தைக்காரிகளைக் கேட்டால் தயங்காமல் வரும் பதில் இது. நர்சம்மாவும் பால்வாடி டீச்சரும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பதியவைத்த பாடம். அதே தாயிடம், "நேத்து காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி தூங்கற வரைக்கும் பாப்பா வாயில என்னென்ன போச்சு?" என்று வேளை வேளையாகக் கேட்டுப் பாருங்கள். குளிக்க வைத்ததும் உரைமருந்து, வயிறு உப்பினால் கிரைப் வாட்டர், விக்கலுக்கு இரண்டு ஸ்பூன் வெந்நீர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவர் பொய் சொல்லவில்லை. இதெல்லாம் அவர் கணக்கில் சாப்பாடு இல்லை, மருந்து. படிவத்தில் "தாயின் ஊட்டச்சத்து அறிவு: நன்று" என்று டிக் அடித்துவிட்டு வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். தெரியுமா என்று கேட்பதைவிட நேற்று என்ன நடந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

ஆனால் முதல் ஆறு மாதத்தைவிட அதற்குப் பிறகு வரும் காலம்தான் பெரிய பள்ளம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), நாடு முழுவதும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் பேருக்குத் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. 6 முதல் 23 மாதம் வரை உள்ளவர்களில் போதுமான உணவு கிடைத்தது 11.3 சதவீதம் பேருக்குத்தான். வீடு வீடாகப் போய் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லும் நாம், தாய்ப்பாலுக்குத் தெளிவான விதி சொல்கிறோம். ஏழாம் மாதம் தொடங்கியதும் "சத்தான ஆகாரம் குடுங்கம்மா" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். எவ்வளவு, எத்தனை தடவை, எவ்வளவு கெட்டியாக என்று சொல்லாத அறிவுரையால் அடுப்படியில் நிற்கும் ஒருத்திக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கெட்டிதான் இதில் முக்கியம். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். தாய்ப்பாலுக்கு மேல் 6-8 மாதத்தில் நாளொன்றுக்கு 200 கலோரியும், 9-11 மாதத்தில் 300 கலோரியும், ஒரு வயதுக்கு மேல் 550 கலோரியும் உணவிலிருந்து வர வேண்டும். இப்போது வீட்டில் காய்ச்சும் கேழ்வரகுக் கஞ்சியைக் கணக்குப் போடுங்கள். 200 மில்லி டம்ளருக்கு ஒரு பெரிய ஸ்பூன் மாவு, அதாவது பத்து கிராம். கிடைப்பது சுமார் 33 கலோரி. மூன்று டம்ளர் குடித்தாலும் நூறுதான் ஆகிறது. அதற்குள் வயிறு முட்டிவிடுவதால் குழந்தை தாய்ப்பாலையும் குறைத்துக்கொள்ளும். "நல்லா குடிக்கிறான், ஆனா உடம்பு புடிக்க மாட்டேங்குது" என்று அம்மாக்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். பருப்புத் தண்ணியும் இதே கதைதான். பருப்பு சட்டியின் அடியில் தங்கிவிடுகிறது, மேலே தெளிந்த நீர் மட்டும் குழந்தைக்குப் போகிறது.

கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும், பதம் அதுதான். மூன்று பெரிய ஸ்பூன் மாவு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய். இப்படிக் கிண்டினால் ஒரு சின்னக் கிண்ணத்தில் 145 கலோரி. 6-8 மாதக் குழந்தைக்கு இரண்டு வேளையில் அன்றைய தேவை தாண்டிவிடும். எண்ணெய் சேர்க்கச் சொன்னால் சிலர் பயப்படுவார்கள். ஒரு டீஸ்பூனில் 45 கலோரி இருக்கிறது, கஞ்சியின் அளவோ கூடுவதே இல்லை என்பதைக் கிண்ணத்தை வைத்தே காட்டுவது நல்லது.

கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் என்ற பயத்துக்கு மருந்து கேழ்வரகிலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றரை அல்லது இரண்டு நாள் முளைவிட்டதும் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பிறகு முளையைத் தேய்த்து எடுத்துவிட்டு அரைக்கலாம். இந்த மாவில் ஒரு டீஸ்பூனைக் கெட்டிக் கஞ்சியில் போட்டுக் கிளறினால், தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகுவதைக் கண்ணால் பார்க்கலாம். முளைவிடும்போது உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. இது பலிக்காமல் போக இரண்டு காரணம் உண்டு. முளைகட்டிய தானியத்தை வாசனைக்காகச் சிவக்க வறுத்தால் நொதி செத்துப்போகும். தளதளவென்று கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் அப்படியே. அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் கலந்து, இளகியபின் மறுபடி ஒரு கொதி விட வேண்டும். கிருமி பயமும் அதோடு போகும்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே உண்டு, சர்க்கரை வேண்டாம். அந்த மாவு வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உருண்டையாகப் போய்விடுவதைக் குற்றமாகப் பேசக் கூடாது. பசியுள்ள வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் எடுத்துவைப்பது எளிதல்ல. சின்னதுக்கென்று தனி டப்பா, தனிக் கிண்ணம் வைத்த வீடுகளில் அளவு பெரும்பாலும் தப்புவதில்லை.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போகிறவர்கள் அதிகம். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். அம்மாவைக் கூட்டிவைத்து வகுப்பெடுத்துவிட்டு, ஊட்டுகிற கையை விட்டுவிடுகிறோம். முட்டை கொடுத்தால் மாந்தம் வரும், வாழைப்பழம் சளி என்பார் பாட்டி. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்ற ஒரு வார்த்தை போதும், அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ள. "சரிங்க பாட்டி, வேகவெச்ச முட்டையில ஒரு ஸ்பூன் மட்டும் மசிச்சுக் குடுங்க, மூணு நாள் பாருங்க" என்றால் அவரே பார்த்துக்கொள்வார். ஐந்து ரூபாய் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து ஊட்டுவதும் அறியாமையால் அல்ல. விறகு, நேரம், முழங்கால் வலி எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டுச் சோற்றையும் பருப்பையும் காரம் போடுமுன் எடுத்து மசித்தால் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, அதைச் சொல்லுங்கள்.

பால்பவுடர் டின் வீட்டில் இருந்தால் கரண்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். மாசக் கடைசியில் அதே ஒரு கரண்டி 60 மில்லிக்குப் போகும். புட்டியில் வெள்ளையாகத்தான் தெரியும், சத்து பாதிதான்.

இரும்புச்சத்து சிரப் வாரம் இருமுறை ஒரு மில்லி. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாட்டில் பரண் ஏறிவிடுகிறது. கறுப்பாகத்தான் போகும் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தும் பழக்கம்தான் எடையை அதிகம் தின்கிறது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள் முழுக்க. மூன்றாம் நாளே போக்கு நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும், அதனால் அட்டையை அடுத்த முறை கேட்டுப் பார்க்க வேண்டும். குழந்தை தேறியபின் இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொல்லுங்கள், அந்த வேளை எதுவென்று பாட்டியையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.